தத்தெடுக்கும் முன் ஓர் ஆன்ம சோதனை

“ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்” என்பது நாமெல்லாரும் அறிந்த பழமொழி. பிறர் பிள்ளைமீது அன்பு காட்டத் தூண்டும் நல்ல மொழிதான். ஆயினும் அதைச் சற்று உற்றுப் பாருங்கள். சோறு ஊரார் பிள்ளைக்குப் போகிறது. பலனோ தன் பிள்ளைக்கு வந்து சேருகிறது. ஊட்டி வளர்த்த பிறகும் ஊரார் பிள்ளை ஊரார் பிள்ளையாகவே நிற்கிறது.

பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியர் சிலர் அவ்வப்போது பங்கு மனைக்கு வருகிறார்கள். “சாமி, ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கலாம் என்றிருக்கிறோம். எங்கே போக வேண்டும்? யாரைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்கிறார்கள். நல்ல மனத்தோடு கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்வதும் எளிது. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அதைக் கேட்பவர்கள் மிகச் சிலரே. “இரத்தம், சாதி, சொந்தம், உண்மை, நன்றி ஆகியவற்றைப் பற்றி எங்கள் வீட்டில் நாங்கள் உண்மையாக நம்புவது என்ன?” என்பதே அந்தக் கேள்வி.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஆன்ம சோதனை செய்யவேண்டும் என்று சிறு வயதிலேயே ஞானோபதேசத்தில் கற்றுக்கொண்டோம். ஒரு பிள்ளையை நம் வீட்டுப் பிள்ளையாக அழைத்து வருமுன்னும் அத்தகைய சோதனை ஒன்று அவசியம் என்று நான் கருதுகிறேன். ஏனென்று சொல்கிறேன்.

வளர்ப்பது வேறு, ஏற்பது வேறு

பிறர் பிள்ளையை வளர்ப்பது மலையகத்தாருக்குப் புதிதல்ல. தலவாக்கலையைச் சுற்றியுள்ள எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இதைக் காணலாம். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருப்பாள்; தகப்பன் கொழும்பில் கடையில் நிற்பான்; பிள்ளை பாட்டியின் மடியில் வளரும். அக்காள் இறந்துவிட்டால் தங்கை அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்து உலை வைப்பாள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் ஒரே குடும்பத்தில் சிலர் இந்தியாவுக்குக் கப்பலேற, சிலர் இங்கே தங்கிய காலத்திலும், உறவினர் கையில் விடப்பட்ட பிள்ளைகள் உண்டு. லயத்தில் ஒரு வீட்டு அடுப்பு எரியாவிட்டால் பக்கத்து அடுப்பு இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் எரியும். இது நம் மக்களின் பெருமை.

இந்தப் பெருமையே சில வேளை நம் கண்ணை மறைக்கிறது. “நாங்கள் வளர்க்காத பிள்ளையா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்று நினைத்துவிடுகிறோம். வளர்ப்பது என்பது சோறும் துணியும் படிப்பும் கொடுப்பது. ஏற்பது என்பது உரிமை கொடுப்பது. நம் நாட்டுச் சட்டம் இதற்கு “மகவேற்பு” என்று அழகான பெயர் வைத்திருக்கிறது. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றம் கட்டளை பிறப்பித்தால்தான் ஒரு பிள்ளை சட்டப்படி தத்துப் பிள்ளையாகும். ஏற்பவர் பொதுவாக 25 வயதைக் கடந்தவராகவும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். பிள்ளை 10 வயதைத் தாண்டியிருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து விசாரிப்பார்.

“இவ்வளவு கடதாசி எதற்கு? சொந்தத்துக்குள்தானே!” என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடதாசி இல்லாமல் வாழ்வது எப்படியிருக்கும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன் பூட்டன்மார் பிறந்த மண்ணிலேயே நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை அந்தக் கறை முழுவதும் நீங்கவில்லை. உழைப்பை ஏற்றுக்கொண்ட நாடு உரிமையைத் தரவில்லை என்று அழுதவர்கள் நாம். அதே அநியாயத்தை நம் வீட்டுக்குள் ஒரு பிள்ளைக்குச் செய்யலாமா?

ஞானஸ்நானப் புத்தகம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் திருமண ஓலை கூறுவதற்காக என்னிடம் வந்தான். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே தவிர்க்கிறேன். பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்து, அவன் பெயரைக் கண்டுபிடித்து, சரிபார்க்கும்படி புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினேன். முன்னதாக அதை நான் முழுவதும் வாசித்திருக்க வேண்டும். வாசிக்கவில்லை. அது என் குற்றம்.

தாய் தகப்பன் என்ற இடத்தில் அவனை வளர்த்தவர்களின் பெயர்கள் இல்லை. தாயின் பெயர் எழுதும் இடத்தில், அவன் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சித்தி என்று அழைத்து வந்தவரின் பெயர் இருந்தது. அவன் அந்த வரியை இரண்டு மூன்று முறை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு கேட்டான்: “சாமி, லயத்திலே எல்லாருக்கும் தெரியுமா?”

எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது. வளர்த்தவர்கள் அவன்மீது உயிரையே வைத்திருந்தார்கள். அதில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. “தெரிந்தால் மனம் உடைந்துவிடும் என்று மறைத்தோம், சாமி” என்று பின்னர் அழுதார்கள். ஆனால் அவனை உடைத்தது பெற்றவள் வேறு என்ற செய்தி அல்ல. தன்னைப் பற்றிய உண்மை ஊராருக்கெல்லாம் சொந்தமாகவும் தனக்கு மட்டும் அந்நியமாகவும் இருந்ததே, அதுதான் அவனை உடைத்தது.

அன்று எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அந்தத் தம்பதியர் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் “பெற்றால்தான் பிள்ளை, இவன் உண்மையை அறிந்தால் நம் பிள்ளையாக இருக்க மாட்டான்” என்ற ஒரு நம்பிக்கை அவர்கள் மனத்தின் அடியில் கிடந்தது. அதை அவர்கள் ஒருநாளும் வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. பிள்ளை வருமுன் நம் நம்பிக்கைகளை நாம் சோதித்தால், அதற்கான சிரமம் நமக்கு. வந்த பிறகு அவை தாமாக வெளிப்பட்டால், அதற்கான விலையைக் கொடுப்பது பிள்ளை.

நம்மை நாமே கேட்க வேண்டியவை

முதலாவது, இந்தப் பிள்ளை யாருக்காக? முதுமையில் கஞ்சி ஊற்ற ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவா? “மலடி” என்ற ஊர்ப்பேச்சை அடைப்பதற்காகவா? “ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் வயிறு திறக்கும்” என்று யாரோ சொன்னதற்காகவா? இந்தக் கடைசி நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. அதன்படி எடுத்த பிள்ளைக்குப் பின் சொந்தப் பிள்ளை பிறந்துவிட்டால், முதற்பிள்ளையின் வேலை முடிந்துவிட்டதல்லவா? நேர்த்திக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியைப் போல் ஒரு மனித ஆன்மாவைப் பயன்படுத்த நமக்கு அதிகாரமில்லை. பிள்ளை வேண்டும் என்ற ஏக்கம் பாவமல்ல; அது இயற்கையானது. ஆனால் ஏக்கம் நம்முடையது, வாழ்க்கை பிள்ளையினுடையது.

இரண்டாவது, இரத்தத்தைப் பற்றியும் சாதியைப் பற்றியும் நாம் நம்புவது என்ன? பங்கு மனையில் உட்கார்ந்து “எந்தப் பிள்ளையானாலும் சரி, சாமி” என்று சொல்வது எளிது. நான் வேறொரு கேள்வி கேட்பதுண்டு. பெண் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். அவள் வயதுக்கு வரும் நாளில் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். “உங்கள் தம்பி சீர்த்தட்டோடு வருவாரா?” என்று மனைவியைக் கேட்பேன். சிலர் உடனே “வருவான்” என்பார்கள். சிலர் கணவன் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த மௌனத்தில்தான் உண்மையான விடை இருக்கிறது. நம் சமூகத்தில் ஒருவர் யாரென்பதை முறைதான் சொல்கிறது. அத்தை, மாமன், பெரியப்பா, சித்தி என்று அழைக்க வாயிருந்து, அதை ஏற்க ஆளில்லாவிட்டால், பிள்ளை வீட்டுக்குள் இருந்தும் வெளியே நிற்கும்.

யாழ்ப்பாணத்துப் பழைய தேசவழமையில், தத்தெடுப்பவர் தம் உடன்பிறந்தாரின் சம்மதத்தைப் பெற்று, உறவினர் முன்னிலையில் மஞ்சள் நீர் அருந்தும் வழக்கம் இருந்தது. சொத்துத் தகராறு வராமலிருக்க ஏற்பட்ட ஏற்பாடு அது. ஆயினும் அதில் ஒரு ஞானம் உண்டு. தத்து என்பது இருவர் மட்டும் எடுக்கும் முடிவல்ல. ஒரு சுற்றமே ஒரு பிள்ளைக்கு இடம் விடுவது. ஆகவே தம்பதியரோடு மாமியாரும் கொழுந்தனும் பேச வேண்டும். அதுவும் பிள்ளை வருமுன் பேச வேண்டும். ஒரே லயக் காம்பராவில் எல்லாரும் வாழும்போது, பாட்டி வாயிலிருந்து கோபத்தில் விழும் “எவ பெத்ததோ” என்ற ஒரு சொல், தாய் பத்து ஆண்டு காட்டிய அன்பை ஒரு நொடியில் அழித்துவிடும்.

மூன்றாவது, உண்மையைச் சொல்ல ஆயத்தமா? “பெரியவனானதும் சொல்லலாம்” என்று தள்ளிப்போடுபவர்களுக்குப் பெரும்பாலும் அந்த நாள் வருவதில்லை, வேறொருவர் சொல்லிவிடுகிறார். மடியில் உட்காரும் வயதிலேயே, செபமாலை கற்றுக்கொடுப்பதைப் போல் இதையும் சொல்லிக்கொடுக்கலாம்: “நீ ஒரு தாய் வயிற்றில் பிறந்தாய், இந்தத் தாய் கைக்கு வந்தாய்.” பிள்ளைக்கு அது அதிர்ச்சியாக இராது, தன் கதையாக இருக்கும். பெற்றவளைப் பற்றி இழிவாக ஒரு சொல்லும் அந்த வீட்டில் எழக்கூடாது. அவளைப் பழித்தால் பிள்ளையின் பாதியைப் பழிக்கிறோம்.

நான்காவது, நன்றியை எதிர்பார்க்கிறோமா? “தெருவில் கிடந்திருப்பாய், நாங்கள் எடுத்தோம்” என்று பாடசாலைப் புள்ளி குறைந்த அன்றும், காதல் விவகாரம் தெரியவந்த அன்றும் சொல்லிக்காட்டுவோமா? பெற்ற பிள்ளையும் எதிர்த்துப் பேசுகிறது; அப்போது “இளமைத் துடுக்கு” என்கிறோம். வளர்த்த பிள்ளை பேசினால் “இரத்தம் காட்டிவிட்டது” என்கிறோம். ஒரே குற்றத்துக்கு இரண்டு தராசு வைத்திருக்கும் வீட்டில் நீதி இல்லை.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

“எங்கள் எண்ணம் நல்லது, அது போதாதா?” என்று கேட்கலாம். போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே கசப்பான சான்று உண்டு. 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து, சுவீடன், ஜேர்மனி ஆகிய நாடுகளுக்கு அவர்கள் போனார்கள். அவற்றில் பல தத்துகளில் பிறப்புப் பத்திரங்கள் பொய். நீதிமன்றத்தில் பெற்ற தாயாக நடிக்கக் கூலிக்குப் பெண்கள் அமர்த்தப்பட்டதும் உண்டு. ஏழைத் தாய்மாரின் கண்ணீர் தரகர்களின் பணமாயிற்று. 1992ஆம் ஆண்டில் நம் சட்டம் இறுக்கப்பட்டது. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று இந்த வியாபாரத்தை வெளிக்கொணர்ந்தபோது, அன்றைய சுகாதார அமைச்சர் அது நடந்ததை ஒப்புக்கொண்டார். 2020 டிசம்பரில் சுவிற்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது.

அந்தப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட ஐரோப்பியத் தம்பதியர் எல்லாரும் கெட்டவர்களா? இல்லை. பெரும்பாலோர் நல்லவர்கள், ஞாயிறு பூசை தவறாதவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். “ஏழை நாட்டுப் பிள்ளை ஒன்றைக் காப்பாற்றுகிறோம்” என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை இனிமையாக இருந்தபடியால், “இந்தப் பிள்ளையின் தாய் யார்? மனமுவந்து கொடுத்தாளா?” என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. இன்று அந்தப் பிள்ளைகள் நடுத்தர வயதை எட்டி, கையில் பொய்ப் பத்திரத்தோடு நம் ஊர்களில் தாயைத் தேடி அலைகிறார்கள். சோதிக்கப்படாத நல்லெண்ணம் தீமைக்கு வாகனமாகக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆகவே வைத்தியசாலையில் யாரோ காதோடு காதாகச் சொல்லி, கையில் பணம் வாங்கிக்கொண்டு தரும் பிள்ளையை எந்தக் கத்தோலிக்கக் குடும்பமும் தொடலாகாது. முறையான வழி நீண்டதாயிருக்கலாம். ஆனால் அந்த வழியில் தாயின் சம்மதம் கேட்கப்படுகிறது.

விசுவாசம் சொல்வது

இரத்தமே சொந்தம் என்று சாதிப்பவர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் திருக்குடும்பப் படத்தை ஒருமுறை பார்க்கட்டும். புனித சூசையப்பருக்கும் இயேசுவுக்கும் இரத்தத் தொடர்பு இல்லை. ஆயினும் பிள்ளைக்குப் பெயரிடும் பொறுப்பை வானதூதர் அவரிடமே கொடுத்தார். அவர் வழியாகவே இயேசு தாவீதின் மகன் எனப்பட்டார். மோயீசனைப் பார்வோன் மகள் வளர்த்தாள். பெற்ற தாயே செவிலியாக வந்து பாலூட்டினாள். அங்கே ஒருத்தியின் உரிமை மற்றவளின் உரிமையைக் கொல்லவில்லை. பெற்றோரை இழந்த எஸ்தரை மொர்தெக்காய் மகளாக ஏற்றார். புனித சின்னப்பரோ, உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில், நாமெல்லாரும் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள், அதனாலேயே கடவுளை அப்பா என்று அழைக்கிறோம் என்கிறார். உரோமையர் இதை நன்கு புரிந்திருப்பார்கள். இயேசு பிறந்த காலத்தில் குடிக்கணக்கு எடுக்கக் கட்டளையிட்ட பேரரசர் அகுஸ்துஸே ஜூலியஸ் சீசரின் தத்துப் பிள்ளைதான். தத்துப் பிள்ளை முழு வாரிசு என்பது அவர்கள் கண்ட உண்மை.

திருச்சபையின் சட்டமும் இதை வெறும் உவமையாக விட்டுவிடவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவர்கள் தத்தெடுத்தவர்களின் பிள்ளைகளாகவே கருதப்படுகிறார்கள். தத்தினால் உடன்பிறந்தவரானவர்கள் ஒருவரையொருவர் திருமணம் செய்ய முடியாது. அது திருமணத் தடை. திருச்சபையின் பார்வையில் தத்து எவ்வளவு மெய்யான உறவு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? இரண்டாம் வத்திக்கான் சங்கமும், கைவிடப்பட்ட குழந்தைகளைப் பிள்ளைகளாக ஏற்பதைக் குடும்பங்களின் அப்போஸ்தலப் பணிகளுள் ஒன்றாக எண்ணியது.

அப்படியானால் யார்தான் ஏற்பது?

“இவ்வளவும் சோதித்தால் யாரும் பிள்ளை எடுக்க மாட்டார்களே, சாமி! பெற்றுக்கொள்பவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லையே!” என்று ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். நியாயமான முறைப்பாடு. பெற்றுக்கொள்பவர்களும் இக்கேள்விகளைக் கேட்டால் நன்றுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தத்துக்கு வரும் பிள்ளை ஏற்கெனவே ஒரு முறை இழந்த பிள்ளை. மரணத்தாலோ வறுமையாலோ அவமானத்துக்கு அஞ்சியோ ஒரு கை அதை விட்டுவிட்டது. இரண்டாவது கையும் நடுங்கினால் அது எங்கே போகும்?

குறையற்றவர்கள்தான் ஏற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படியானால் சம்மனசுகள்தான் வரவேண்டும். சாதிப்பெருமை நம் நெஞ்சில் ஒரு மூலையில் இருக்கிறது என்று கண்டுகொண்டு அதோடு போராடுபவர், தமக்கு அது இல்லவே இல்லை என்று சாதிப்பவரைவிட நல்ல தகப்பனாவார். அறிந்த நோய்க்கு மருந்துண்டு. சோதித்துப் பார்த்த பின் “எங்களால் இயலாது” என்று மனம் சொன்னால், அதுவும் தோல்வியல்ல. ஒரு பிள்ளையைக் காயத்திலிருந்து காத்த நேர்மை. அத்தகையவர்கள் ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவலாம். பிள்ளையில்லாத வாழ்வும் ஆண்டவர் முன் நிறைவான வாழ்வே.

ஆகவே தத்தெடுக்க எண்ணும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீதிமன்றப் படிவத்தை நிரப்புமுன், ஒரு மாதம் இராச் செபத்துக்குப் பின் விளக்கை அணைக்காமல் சற்று உட்காருங்கள். மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் கணவன் தனியாகவும் மனைவி தனியாகவும் யோசித்து, பிறகு ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் சொல்லுங்கள். பெரியவர்களையும் அழைத்துப் பேசுங்கள். தம்பியிடம் சீரைப்பற்றிக் கேட்டுவிடுங்கள். மனம் நோகலாம், நோகட்டும். இப்போது நமக்கு நோவது நல்லது.

அதன் பின்னும் “வரட்டும்” என்று உங்கள் வீடு சொன்னால், பயப்படாமல் போய்க் கதவைத் தட்டுங்கள். நாளை அந்தப் பிள்ளை தன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டு எந்தப் பங்கு மனைக்கு வந்தாலும், எந்தச் சுவாமியார் எந்தப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாலும், “எனக்குத் தெரியும் சாமி, அப்பாவும் அம்மாவும் சொல்லியிருக்கிறார்கள்” என்று தலைநிமிர்ந்து சொல்லும்.